30 எச்பி பொலிஷருக்கு எந்தக் கொன்டாக்டர்? மேசையில கிடந்த மூண்டையும் வச்சுப் பாத்தது

வேளாண்மை வெட்டு தொடங்க ரெண்டு கிழமை இருக்கக்குள்ள சம்மாந்துறைப் பக்கத்து மில் ஒண்டில இருந்து ஹாஜியார் கோல் எடுத்தார். "தம்பி, பொலிஷர் போர்ட மாத்த வேணும், கொன்டாக்டர் மூண்டு விதமாக் கொண்டு வந்து வச்சிருக்கன், எதப் போடுறெண்டு நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க" எண்டார். பொலிஷர் எண்டா அரிசி தீட்டுற மெஷின். கொன்டாக்டர் எண்டா அதுட மோட்டருக்குக் கரண்டக் குடுத்து வெட்டுற சாமான், உள்ள இருக்கிற கொயிலுக்குக் கரண்ட் போனா அது காந்தமாகி இரும்ப இழுத்து வெள்ளிப் பொட்டுகள ஒட்ட வைக்கும். போய்ப் பாத்தா ஒபிஸ் மேசையில மூண்டு பெட்டி. ஒண்டு ஸ்னைடர் டி வரிசையில 32, ஏஜென்ட்டிட்ட பில்லோட எடுத்தது. ரெண்டாவது விலை குறைஞ்ச சாமான், மூஞ்சியில பெரிசா 50 எண்டு அடிச்சிருக்கு. மூண்டாவது கொழும்புல பழைய சாமான் விக்கிற கடையில எடுத்த 80 அம்பியர் ஐரோப்பா சாமான், கையில தூக்கினா நல்ல பாரம், பாத்தா ஆருக்கும் ஆசை வரும்.

இந்த மூண்டுக்குள்ள எதப் போடுறெண்ட கேள்வி ஹாஜியாருக்கு மட்டும் இல்ல, அக்கரைப்பற்று, நிந்தவூர், செங்கலடி, வாழைச்சேனை எண்டு நான் வேலைக்குப் போற இடமெல்லாம் இதுதான் வாறது, அதால ஒருக்கா விரிவா எழுதி வைப்பம் எண்டு நினைச்சன். என்ட முடிவ முதல்லயே சொல்லிர்றன். சரியான சைஸுல நல்ல கம்பனிச் சாமான், அது கைக்கு எட்டாட்டி விலை குறைஞ்சதுல ஒரு சைஸ் மேல, பழசு பொலிஷர் மாதிரி மெயின் மோட்டருக்கு வேணவே வேணாம். ஆனா இந்த முடிவுக்கு வாற வழியிலதான் விஷயம் கிடக்கு, ஏனெண்டா சைஸ் சரியா எடுத்தும் கொயிலப் பிழையா எடுத்து ஒரு மாசத்துல எரிச்ச ஆக்கள் எத்தினையோ பேர்.

கொன்டாக்டர் எண்டது சும்மா ஒரு சுவிச்சுத்தானே எண்டு கணக்கா நினைச்சிருவாங்க. நான் வேலை பழகின காலத்துல கண்ட ஒண்டச் சொல்றன், எந்த மில் எண்டு வேணாம். நெல்லு மேல தூக்குற எலிவேட்டர்ல நெல்லு இறுகிப் போய் பெல்ட் நழுவுது, பெடியன் ஸ்டொப் அமத்திட்டு பெல்ட்ட மூடியிருக்கிற கார்ட் கழட்டப் போறான், நான் போர்டுக்குக் கிட்ட நிக்கிறன், கொன்டாக்டர் விட்ட சத்தம் வரேல்ல. மோட்டர் நிக்கவும் இல்ல, ஒரு மாதிரி முனகிக்கிட்டுச் சுத்துது. ஓடிப் போய் அவன்ட கையப் புடிச்சு இழுத்துட்டன். மறுகா பிரேக்கர் ஓஃப் பண்ணி பொறி பறக்காம மூடியிருக்கிற ஆர்க் மூடியக் கழட்டிப் பாத்தா மூண்டு போல்ல, அதாவது பேஸுக்கு ஒண்டா இருக்கிற பொட்டு சோடியில, ரெண்டு உருகி ஒட்டியிருக்கு, ஸ்குரூ டிரைவரால கிண்டித்தான் பிரிச்சம், பிரிச்ச இடத்துல வெள்ளிப் பொட்டு பிஞ்சு ஒரு பக்கத்துச் சாமான் மற்றப் பக்கத்துல ஒட்டிக் கிடந்துச்சு. ரெண்டு பேஸ்ல மோட்டர் ஓடினதாலதான் அந்த முனகல். அண்டையில இருந்து ரெண்டு பழக்கம் எனக்கு. கை வைக்க முன்னால கரண்ட முழுசா வெட்டுற ஐசொலேட்டர ஓஃப் பண்ணுவன், ஸ்டொப் பட்டன நம்புறதில்ல. மற்றது கொன்டாக்டர் வாங்கக்குள்ள "கொளுவினா ஓடும்" எண்ட பேச்சக் காதுல எடுக்கிறதில்ல.

இனி அந்த 32க்கும் 50க்கும் வருவம். பக்கத்துல ஒட்டியிருக்கிற சின்ன லேபிள வாசிச்சாத்தான் விளங்கும். கொன்டாக்டருக்கு ஒரு அம்பியர் இல்ல, வேலைக்கு வேலை ஒவ்வொரு அம்பியர். ஏசி-1 எண்டா ஹீட்டர் மாதிரி, ஸ்டார்ட்டில கரண்ட் பாயாத லோட். ஏசி-3 எண்டா சாதாரண ஸ்குவிரல் கேஜ் மோட்டர், எடுக்கக்குள்ள 6, 7 மடங்கு கரண்ட், விடக்குள்ள ஓடுற கரண்டத்தான் வெட்டும். ஏசி-4 எண்டா தட்டித் தட்டி ஓட்டுறது, ஓடிக்கிட்டு இருக்கக்குள்ளயே மறுபக்கம் சுத்த வைக்கிறது, அங்க அந்த 6 மடங்கையும் வெட்ட வேண்டி வரும். இதெல்லாம் ஐஈசி 60947-4-1 எண்ட நியமத்துல இருக்கு. டி வரிசை 32 எண்டுறது ஏசி-3ல 32 அம்பியர், 400 வோல்ட்டில 15 கிலோவாட். அதே சாமானுக்கு ஏசி-1ல 50 அம்பியர். ஹாஜியார்ட ரெண்டாவது பெட்டியில மூஞ்சியில இருந்த 50 என்னெண்டு பாத்தா பக்கத்து லேபிள்ல ஐடிஎச் 50 எண்டு போட்டிருக்கு, ஐடிஎச் எண்டுறது வெறும் சூட்டுக் கணக்கு, மோட்டர்க் கணக்கு இல்ல. ஏசி-3 வரியில 380, 400 வோல்ட்டுக்கு நேர 32 எண்டுதான் இருந்துச்சு. ரெண்டும் ஒரே சைஸ்! 50ஐப் பாத்து "பெரிசு, விலையும் குறைவு" எண்டு சந்தோசமா வாங்கினது, உண்மையில ஒரு புள்ளியும் பெரிசில்ல.

லேபிள்ல இன்னொரு இடத்துலயும் வழுக்குவாங்க. கிலோவாட் அட்டவணையில 220, 400, 500, 690 எண்டு நாலஞ்சு வரி இருக்கும், கீழ போகப் போக கிலோவாட் கூடிக்கிட்டுப் போகும், நமக்கு வேணும் 400 வரி மட்டும்தான். 690 வரியில இருக்கிற பெரிய நம்பரப் பாத்து எடுத்தா தவறு நம்மட தலையில.

இந்தப் பொலிஷருக்கு எவ்வளவு வேணும்? 30 எச்பி, 22 கிலோவாட், 400 வோல்ட்டில நெருக்கிப் பாத்தா 42 அம்பியர். பிளேட்டில இருக்கிறத மட்டும் நம்பாம கிளாம்ப் மீட்டர் போட்டு லோட்டோட அளந்து பாருங்க. நம்மட பக்கம் மோட்டர் ரெண்டு மூண்டு தரம் ரீவைண்ட் பண்ணியிருக்கும், அதுல கம்பி கேஜ் மாறியிருந்தா பிளேட்டில 42 எண்டு இருக்கிறது ஓடக்குள்ள 46, 47 எண்டு நிக்கும், அந்தக் கூடின கணக்குக்குத்தான் சாமான் எடுக்கணும். ஹாஜியார்ட மோட்டர் 43ல நிண்டுச்சு, நல்ல மோட்டர்.

நேரடியா, அதாவது டிஓஎல்ல போட்டா 50 அம்பியர் ஏசி-3 கொன்டாக்டர் ஒண்டு வேணும். ஆனா 30 எச்பிய டிஓஎல்ல தட்டினா 260, 300 அம்பியர் இழுக்கும், கிராமத்து ட்ரான்ஸ்போமர்ல அந்த ரோட்டில இருக்கிற லைட் எல்லாம் மங்கும், மின்சார சபையும் விடாது. அதால ஸ்டார் டெல்டா, அதாவது மூண்டு கொன்டாக்டர் வச்சு, வைண்டிங்க முதல்ல ஸ்டாராக் கட்டிக் குறைஞ்ச கரண்ட்டில எடுத்து, வேகம் வந்த பிறகு டெல்டாவுக்கு மாத்துறது. அதுல மெயின் கொன்டாக்டரும் டெல்டாக் கொன்டாக்டரும் லைன் கரண்ட்டில 58 சதவீதந்தான் தாங்கணும், ஸ்டார் கொன்டாக்டர் 33 சதவீதம். 43ல 58 சதவீதம் 25 அம்பியர், 33 சதவீதம் 14 அம்பியர். 25க்கு 25 எடுத்தா உச்சியில ஓடும், வோல்டேஜ் குறையக்குள்ள கரண்ட் கூடுறதுக்கு இடமே இல்ல, அதால 32, 32, ஸ்டாருக்கு 18. இந்தக் கணக்குத் தெரியாம மூண்டையும் 50ல போடுற ஆக்களும் இருக்காங்க, அது பிழை எண்டில்ல, காசுதான் வீண். மூண்டையும் 18ல போடுற ஆக்களும் இருக்காங்க, அது பிழைதான்.

ஸ்டார் டெல்டாவுக்கு முன்னால மோட்டர்ப் பிளேட்டில 400/690, இல்லாட்டி பழைய மோட்டரெண்டா 380/660 எண்டு இருக்கா எண்டு பாருங்க. சின்ன மோட்டர்கள்ல 230/400 எண்டு இருக்கும், அது நம்மட லைன்ல ஸ்டார்ல நிரந்தரமா ஓட வேண்டிய மோட்டர், அதக் கொண்டு வந்து டெல்டாவுக்கு மாத்தினா வைண்டிங் ஒவ்வொண்டுக்கும் 230க்குப் பதிலா 400 போகும், புகைதான். இத நான் சொல்லாமலே தெரிஞ்சிருக்கும் எண்டு நினைக்கிற விஷயம், ஆனா போன வருசமும் ஒண்டு எரிஞ்சதப் பாத்தன்.

சரி, சைஸ் முடிஞ்சுது, இப்ப மூண்டு பெட்டியையும் பக்கத்துல வச்சுப் பாப்பம்.

கம்பனிச் சாமான்ட விலை கூட, அதுல ரெண்டு பேச்சில்ல, டொலரோட அதுவும் ஏறும். ஆனா அந்தக் காசுக்கு என்ன கிடைக்குதெண்டா, ஏசி-3ல இத்தின லட்சம் தரம் எடுத்து விடும் எண்டு கட்லொக்ல கேர்வ் போட்டிருப்பான், அத நம்பலாம். கொயில் தனியா வாங்கலாம், கொன்ட்ரோல் வயருக்கான சின்னப் பொட்டு இருக்கிற ஒக்சிலரி புளொக் தனியா, ரெண்டு கொன்டாக்டர் ஒரே நேரம் புடிக்காமத் தடுக்கிற மெக்கானிக்கல் இன்டர்லொக் தனியா, மோட்டர் கூடக் கரண்ட் இழுத்தா நிப்பாட்டுற ஓவர்லோட் ரிலே அதே வரிசையில நேர கீழ கொளுவும். அறுவடை நேரத்துல ராத்திரி 2 மணிக்கு ஒண்டு போனா கல்முனைக் கடையிலயோ மட்டக்களப்பு டவுன்லயோ அதே நம்பர் சாமான் மறுநாள் விடியக்குள்ள எடுக்கலாம் எண்டுறதுதான் எனக்கு இதுல பெரிய விஷயம், மில் ஒரு நாள் நிண்டா வாசல்ல நெல்லு மூட்டை அடுக்கிக் கிடக்கும், கொன்டாக்டர்ல மிச்சம் புடிச்ச காசு அதுல ஒரு மூலைக்கும் காணாது. ஸ்னைடர், சீமென்ஸ், ஏபிபி, எல்எஸ் எது எண்டாலும் சரி, நான் பாக்கிறது உங்கட ஊர்க் கடையில எதுட உதிரி வச்சிருக்காங்க எண்டுறதத்தான். ஒரு மில்லுக்குள்ள ஒரே வரிசையா வச்சிருங்க, போர்டுக்குப் போர்டு வேற கம்பனி எண்டா ஸ்பெயாரே வைக்க ஏலாது. இதுலயும் ஒண்டு, பேர் மட்டும் கம்பனிப் பேரா இருக்கிற கள்ளச் சாமானும் வருது. பில் தராத கடையில, விலையில அரைவாசிக்குத் தாறன் எண்டா கையில எடுத்துப் பாருங்க, பாரம் குறைவா இருக்கும், ஸ்குரூ தலை மெலிஞ்சு முறுக்கக்குள்ளயே வழுக்கும், எழுத்து நகத்தால சுரண்ட வரும்.

விலை குறைஞ்சத நான் முழுசா ஒதுக்க மாட்டன். தண்ணி மோட்டர், ஊதுகுழல், ஒரு நாளைக்கு ரெண்டு தரம் எடுத்து விடுற சாமானுக்கெல்லாம் போட்டு வருசக்கணக்கா ஓடுது. வித்தியாசம் எங்க தெரியுமெண்டா கொன்டாக்ட் பொட்டுட தடிப்பிலயும் ஸ்பிரிங்கிலயும் கொயிலுக்குள்ள இருக்கிற இரும்புட முகத்திலயும். ஒட்டி நிக்கக்குள்ள சத்தம் வராம நிக்கிறதுக்கு அந்த இரும்பு முகத்துல ஒரு செம்பு வளையம் பதிச்சிருக்கும், மலிஞ்சதுகள்ல அது வெடிச்சுத் தளரும், மறுகா எப்பவும் கிர்ர் எண்டு அதிரும், அதிர்ந்து அதிர்ந்து பொட்டு தேயும். அதால இந்தச் சாமான் எடுக்கிறெண்டா லேபிள்ல ஏசி-3 நம்பரப் பாத்து ஒரு சைஸ் மேல, 32 வேணுமெண்டா 40. விலைய மறுபடி கூட்டிப் பாருங்க, சில நேரம் கம்பனி 32க்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, ஹாஜியார்ட கணக்கிலயும் அப்பிடித்தான் வந்துச்சு.

பழசு. 80 அம்பியர், தடிச்ச வெள்ளி, உண்மையில நல்ல காலத்துச் சாமான். மூடியக் கழட்டிக் காட்டினன் ஹாஜியாருக்கு. பொட்டு கறுத்திருந்துச்சு, அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல, வெள்ளி கறுக்கிறது சாதாரணம், அதக் கண்டு அரம் போட்டுத் தேய்க்கிறதுதான் பாவம், தேய்ச்சா உள்ள இருக்கிற வெள்ளிக் கலவைதான் போகும், பொட்டு மட்டமா ஒட்டாது. ஆனா நடுப் போல்ல பொட்டு ஒரு ஓரத்துல பித்தளை தெரியிற அளவுக்குத் தேய்ஞ்சிருந்துச்சு, மற்ற ரெண்டும் தடிப்பா. அப்பிடி எண்டா நடுப் போல் பிந்தி ஒட்டும், முந்தி விடும். ஆர்க் மூடியில ஒரு மூலை உடைஞ்சு பசை போட்டு ஒட்டியிருக்கு. கொயில் 110 வோல்ட், அதுக்கு ட்ரான்ஸ்போமர் ஒண்டு வேற வாங்கணும், கொயில் எரிஞ்சா அந்த மொடலுக்குக் கொயில் தேடுறது ஆர்? எத்தின லட்சம் தரம் எடுத்து விட்டதெண்டும் அதுல எழுதிக் கிடக்காது. "அப்ப இத என்ன தம்பி செய்யிறது?" எண்டு கேட்டார். உமி ஊதுற பேனுக்கு, போல் மூண்டும் ஒரே மாதிரி இருக்கிற ஒண்டு கிடைச்சா வச்சிருங்க, இதத் திருப்பிக் குடுங்க எண்டன்.

இனிக் கொயில். நம்மட பக்கத்துக்கு இதுதான் சைஸ விட முக்கியம் எண்டு நான் நினைக்கிறன், ஏனெண்டா கொன்டாக்டர் ஒட்டி எரியிறதுல நான் பாத்த அளவுல கனக்கிறது வோல்டேஜ் குறைஞ்சுதான். எந்தக் கொயிலும் அதுட வோல்டேஜ்ல 85 சதவீதத்துல இருந்து 110 சதவீதத்துக்குள்ளதான் ஒழுங்கா இழுக்கும். 230 கொயிலுக்கு 85 சதவீதம் 195 வோல்ட். லைன் கடைசியில இருக்கிற மில்லில பக்கத்து மில்லுகளும் சேர்ந்து ஓடக்குள்ள 400 எண்டது 340க்கு விழுந்தா பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில 196தான் இருக்கும், நூல்ல நிக்கிது. அந்த நேரம் பார்த்து மோட்டர் ஸ்டார்ட்டாகி இன்னும் 15 வோல்ட் இழுத்தா இரும்பு முழுசா முட்ட முன்னாலயே கொயில் விடும், விட்டா லோட் போய் வோல்டேஜ் ஏறும், ஏறினா திரும்ப இழுக்கும், இப்பிடி டக டக டக எண்டு அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் 6 மடங்கு கரண்ட்டில பொட்டு திறந்து மூடுது, அது உருகி ஒட்டாம வேற என்ன செய்யும்? நான் மேல சொன்ன எலிவேட்டர்லயும் நடந்தது இதுதான் எண்டு மறுகாதான் விளங்கிச்சு.

கொயில் ஏன் எரியிதெண்டதும் இதோடதான் கிடக்கு. டி வரிசையில சின்ன கொன்டாக்டர் ஒண்டு ஒட்டுற நேரத்துல 70 வோல்ட் அம்பியர் இழுக்கும், ஒட்டி இரும்பு முகம் முட்டின பிறகு 7தான். பத்துல ஒண்டு. வோல்டேஜ் காணாமலோ, இடையில உமித்தூசி போயோ இரும்பு முழுசா முட்டாட்டி அந்த 70 குறையாது, அது ஒரு செக்கனுக்கு எண்டு செஞ்ச கொயில், சில நிமிசத்துல பிளாஸ்டிக் உருகின மணம் வரும்.

கடையில கேட்டா 220 கொயில்தான் முதல்ல தருவாங்க, ஸ்னைடர்ல கோட் கடைசியில எம்7 எண்டு இருக்கும். 230 எண்டா பி7. ரெண்டும் ஓடும், ஆனா நம்மட இலங்கையில சட்டப்படி வோல்டேஜ் 230, அதுல 6 சதவீதம் கூடிக் குறையலாம், அதாவது 216ல இருந்து 244 வரை. 220 கொயிலுக்கு 110 சதவீதம் 242, ராத்திரி லோட் இல்லாத நேரம் 244 நிண்டா எல்லையத் தாண்டிட்டுது, சூட்டோட கிடக்கும். ராத்திரி பகல் எண்டு எப்பவும் எடுத்தபடி நிக்கிற கொன்டாக்டருக்கு 230 கேட்டு வாங்குங்க. பகல்ல மட்டும் ஓடுற, வோல்டேஜ் எப்பவும் குறைவா நிக்கிற லைன் கடைசி மில்லெண்டா 220 கொயில் கொஞ்சம் உதவி, 187லயும் இழுக்கும்.

400 கொயில், ரெண்டு பேஸுக்கு இடையில போடுறது, பழைய போர்டுகள்ல இதுதான் இருக்கும். நல்லது என்னெண்டா நியூட்ரல் தேவையில்ல. நம்மட ஊர்ல நியூட்ரல் கழண்டு போறது புதினமில்ல, மழை காலத்துல கம்பத்துல ஜொயின்ட் லூசானா ஒரு பேஸ் 300ஐத் தாண்டும், 230 கொயில் எல்லாம் வரிசையா எரியும், 400 கொயிலுக்கு ஒண்டும் ஆகாது. கூடாதது என்னெண்டா ஸ்டார்ட் ஸ்டொப் பட்டன் வரைக்கும் 400 வோல்ட் ஓடுது. மில்லில பட்டன் பெட்டி மூடி உடைஞ்சு கிடக்கும், ஈரக் கையோட தொடுவாங்க, ப்ளோட் சுவிச்சத் தண்ணி டாங்கிக்குள்ள விடுவாங்க. ஆள் தொடுற வயர்ல 400 ஓடுற போர்ட் இனி நான் செய்ய மாட்டன்.

அதால எனக்குப் புடிச்சது ரெண்டு. ஒண்டு, 400ல இருந்து 230க்கோ 24க்கோ இறக்கிற சின்ன கொன்ட்ரோல் ட்ரான்ஸ்போமர், கம்பத்து நியூட்ரல் போனாலும் கொயில் தப்பும், பட்டன் வயர் 24 எண்டா ஆளும் தப்பும், ட்ரான்ஸ்போமரை எடுக்கக்குள்ள எல்லாக் கொயில்ட 70ஐயும் கூட்டிப் பாத்து எடுக்கணும், ஒட்டின 7ஐப் பாத்து எடுத்தா இழுக்காது. மற்றது எலெக்ட்ரொனிக் கொயில் வாற கொன்டாக்டர், ஏபிபிட ஏஎப் வரிசையில 100ல இருந்து 250 வோல்ட் வரை ஒரே கொயில். 196 என்ன, 150 எண்டாலும் புடிச்சுக்கிட்டு நிக்கும், டக டக எண்ட பேச்சே இல்ல, ஹம் சத்தமும் இல்ல. விலை கூட. கவனமா ஒண்டு, கொன்டாக்டர் விடாம நிக்கும் எண்டுறதால குறைஞ்ச வோல்டேஜ்ல மோட்டர் கூடக் கரண்ட் இழுத்து ஓடிக்கிட்டே இருக்கும், அதப் பாக்க வோல்டேஜ் ரிலே ஒண்டு கட்டாயம் வேணும். அது பேஸ் பெயிலியரையும், அதாவது ஒரு பேஸ் இல்லாமப் போறதையும், சேர்த்துப் பாக்கிறதா எடுங்க, எந்தக் கொயில் எண்டாலும் அந்த ரிலே இல்லாத போர்ட் அரைவாசிப் போர்ட்தான்.

மோட்டர மெல்ல எடுக்கிற சொஃப்ட் ஸ்டார்ட்டரா, வேகத்த மாத்துற இன்வேட்டரா போடுவமா எண்டும் ஹாஜியார் கேட்டார். தண்ணிப் பம்புக்கும் பேனுக்கும் இன்வேட்டர் கரண்ட் பில்ல இறக்கும், அதுக்கு நான் ஓம் எண்டுவன். பொலிஷர் ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் எடுத்து விடுறது, ஒரே வேகத்துல ஓடுறது, அதுக்கு ஸ்டார் டெல்டா காணும். ஜெனரேட்டர்ல கூட நேரம் ஓடுற மில்லெண்டா சொஃப்ட் ஸ்டார்ட்டரப் பத்தி யோசிக்கலாம்.

பூட்டுறது எண்டு வந்தா எனக்கு முதல்ல தூசி. நெல்லு மில்லு போர்டுக்குள்ள உமித்தூசி மாவு மாதிரி வந்து படியும், அதுல ஈரம் ஏறினா கொன்டாக்டர் இரும்பு முகத்துல பசை மாதிரி ஒட்டும். போர்ட பொலிஷருக்குப் பக்கத்துல, அதிர்ற சுவர்ல அடிக்காதீங்க, ஒபிஸ் பக்கத்துச் சுவருக்குக் கொண்டு போங்க, வயர் 10 மீற்றர் கூடினாலும் பரவாயில்ல. பெட்டி தூசித் தடுப்புல ஐபி54க்குக் குறையாம, வயர் எல்லாம் கீழால, நுழையிற ஓட்டைய இறுக்கிற கிளான்ட் போட்டு, மேல் பக்கம் ஒரு ஓட்டையும் வேணாம். இரும்பு முகத்தக் காஞ்ச துணியால துடைக்கலாம், கிரீஸோ எண்ணெயோ போடாதீங்க, ஒட்டிக்கிட்டு விடாம நிக்கும். வாழைச்சேனை ஐஸ் பெக்டரிப் பக்கமும் கடற்கரை ஓரமும் இருக்கிறவங்களுக்குத் தூசிய விட உப்புக் காத்துதான் எதிரி, வயர் நுனியில போடுற வெறும் செம்பு லக்ஸ் ஒரு மழை காலத்துலயே பச்சை புடிச்சிரும், ஈயம் பூசின லக்ஸ் போடுங்க. எறும்பு இன்னொண்டு. கார்த்திகை மார்கழி மழைக்கு எறும்பு சூடு தேடி போர்டுக்குள்ள ஏறும், ஒக்சிலரி கொன்டாக்ட் இடுக்குக்குள்ள நசுங்கிக் கிடக்கும், ஸ்டார்ட் அமத்தினா புடிக்கும், கை எடுத்தா விட்டிரும், வயரிங்கில பிழை தேடித் தேடிக் களைச்சு கடைசியில மூடியக் கழட்டினா செத்த எறும்பு ஒரு பிடி. கிளான்ட் இடைவெளிய மெழுகோ சிலிக்கனோ போட்டு அடைச்சிருங்க.

கொன்டாக்டர நிமித்தி, செங்குத்தான தட்டில, நம்பர் வாசிக்கிற மாதிரித்தான் நிக்க வேணும். படுக்க வச்சுப் பூட்டினா ஸ்பிரிங்கும் புவியீர்ப்பும் மாறி அடிச்சு ஒட்டுற வேகமே மாறும். ஸ்குரூ முறுக்கிறது எத்தின நியூட்டன் மீற்றர் எண்டு கொன்டாக்டர்லயே அச்சடிச்சிருக்கும். 7 இழைக் கம்பிய அப்பிடியே செருகி முறுக்கினா ரெண்டு நாள் ஓடினாப் பிறகு இழை அமந்து லூசாகும், அதால ஒரு கிழமை ஓட்டிட்டு, கரண்ட் வெட்டிப் பூட்டு போட்டு, எல்லா ஸ்குரூவையும் ஒருக்கா முறுக்கிப் பாக்கிற வழக்கம் எனக்கு. கறுத்த வயர் தோல் எங்க பழுப்பா இருக்கோ அங்கதான் பிழை.

ஸ்டார் டெல்டாவில டெல்டா லைன மோட்டர்ட ஆறு முனையில கொளுவுறதுல லைன் ஒண்டு யூ1க்கும் வி2க்கும், ரெண்டு வி1க்கும் டபிள்யூ2க்கும், மூண்டு டபிள்யூ1க்கும் யூ2க்கும். மற்ற மாதிரிப் போட்டாலும் அதே பக்கம் சுத்தும், ஆனா மாறுற நேரத்துல அடிக்கிற கரண்ட் கூட. ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரம் புடிச்சா நேர ஷோர்ட்தான், அதால வயர் இன்டர்லொக்கோட மெக்கானிக்கல் இன்டர்லொக்கும் போடுங்க, ரெண்டும் வேணும். டைமர் சாதாரண டைமர் இல்லாம ஸ்டார் டெல்டா டைமர், அதுல விட்டுப் புடிக்கிற இடைவெளி 50 மில்லி செக்கன் அளவுல இருக்கும், ஸ்டார் பொட்டில ஆர்க் அணையிறதுக்கு அந்த நேரம் வேணும்.

ஓவர்லோட் ரிலேதான் கூடப் பிழைக்கிற இடம். மெயின் கொன்டாக்டருக்கு நேர கீழ கொளுவினா அதுக்குள்ள போறது லைன் கரண்ட் இல்ல, 58 சதவீதம். ஹாஜியார்ட பழைய போர்டில அங்க 42 எண்டு வச்சிருந்தாங்க, பிளேட்டப் பாத்து. அப்பிடி எண்டா மோட்டர் 72 அம்பியர் இழுத்தாத்தான் அது யோசிக்கவே தொடங்கும், அதுக்கு முன்னால வைண்டிங் போயிரும். அந்தப் பொலிஷர் மோட்டர் ரெண்டு தரம் ரீவைண்ட் பண்ணினது இதாலதான் எண்டு எனக்குத் தெளிவா விளங்கிச்சு, அவரும் அந்த டயலப் பாத்துக்கிட்டு ஒண்டும் பேசாம நிண்டார். புதுசுல 25ல வச்சம்.

கடைசியா நடந்தது இதுதான். கம்பனி 32 ரெண்டு, 18 ஒண்டு, 230 கொயில், 400ல இருந்து 230க்குக் கொன்ட்ரோல் ட்ரான்ஸ்போமர், பேஸ் பெயிலியர் ரிலே. 50 எண்டு வந்த பெட்டியக் கடைக்குக் குடுத்து அந்தக் காசுல ஸ்பெயார் கொயில் ரெண்டும் ஒக்சிலரி புளொக் ஒண்டும் எடுத்தம். முதல்ல மோட்டர் வயரக் கழட்டி வச்சிட்டு வெறும் கொன்ட்ரோலப் பத்துத் தரம் ஓட்டிப் பாத்தன், ஸ்டார் விட்டுத்தான் டெல்டா புடிக்குதா எண்டு காதால கேட்டு, மறுகா மோட்டர். 8 செக்கன்ல டெல்டா. லோட்டோட மூண்டு பேஸும் 43, 43, 42. பின்னேரம் 6 மணிக்கு அக்கம் பக்கத்து மில் எல்லாம் ஓடுற நேரம் பாத்து நிண்டு இன்னொருக்கா அளந்தன், லைன் 352, கொன்டாக்டர் சத்தமில்லாம நிக்கிது. ஸ்பெயார் கொயில் ரெண்டையும் பொலித்தீன்ல சுத்தி போர்டுக் கதவுட உள்பக்கம் கட்டித் தொங்க விட்டு, பக்கத்துல பெயின்ட் பேனையால ஓவர்லோட் 25, டைமர் 8 எண்டு எழுதி, திகதியும் போட்டுட்டு வந்தன்.